பாடிக்குப் பட்டுச்சட்டை, லென்ஸுக்குப் பட்டை நாமம்!

விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன் ஒருவன், அப்பாவோடு கேமரா கடைக்குள் நுழைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஐம்பதாயிரம் ரூபாய். பாதி, ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டரிங் வேலைக்குப் போய் அவன் சேர்த்தது. மீதி, அம்மா எடுத்த சீட்டுப் பணம்.

"அண்ணே, ஆரம்பத்துக்கு ஒரு நல்ல டி.எஸ்.எல்.ஆர் காட்டுங்க."

கடைக்காரர் சிரிக்கிறார். "டி.எஸ்.எல்.ஆரா? அதெல்லாம் செத்துப் போச்சு தம்பி. இப்ப எல்லாமே மிரர்லெஸ்தான். இன்னும் ஒரு இருபத்தஞ்சு போட்டா சூப்பரா ஒண்ணு இருக்கு. இ.எம்.ஐ இருக்கு சார், கவலைப்படாதீங்க." கடைசி வாக்கியம் மட்டும் அப்பாவைப் பார்த்து!

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். புது பாடி, அதோடு வந்த கிட் லென்ஸ், இலவசமாக ஒரு பை, ஒரு மெமரி கார்டு. முதல் வாரம் மொட்டை மாடிச் செம்பருத்தி, பக்கத்து வீட்டுப் பூனை, தங்கையின் முகம் என்று அமர்க்களப்படும். இரண்டாம் மாதம் காலேஜ் கல்ச்சுரல்ஸ் வரும். ஆடிட்டோரியத்தில் ஆடுகிற தோழியை எடுத்தால் கை கால் எல்லாம் கலங்கலாக இருக்கும், முகத்தில் ரவை கொட்டினாற்போல் புள்ளி புள்ளியாக இருக்கும். பக்கத்தில் நின்றவன் மொபைலில் எடுத்தது இதைவிடத் தெளிவாக வந்திருக்கும். ஆறாம் மாதம் கேமரா பீரோவுக்குள் போய்விடும். இ.எம்.ஐ மட்டும் மாதாமாதம் வெளியே வந்து எட்டிப் பார்க்கும்.

இந்தக் கதை வருஷா வருஷம் நடக்கிறது. கெட்டது கேமரா அல்ல, வாங்கிய முறை. முதல் கேமரா வாங்குகிறவனுக்குச் சொல்லப்படுகிற அறிவுரைகளில் முக்கால்வாசி பாடியைப் பற்றியவை. எந்த பிராண்ட், எந்த மாடல், எத்தனை மெகாபிக்ஸல், எந்த வருஷத்தில் வந்தது... படத்தை உண்மையில் உருவாக்குகிற லென்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான்.

முதலில் மெகாபிக்ஸல் பூதத்தை இறக்கிவிடலாம்.

2003-ல் கேனன் 300டி வந்தது. ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த முதல் டி.எஸ்.எல்.ஆர் அதுதான். சாதாரண மனிதன் கைக்கு டி.எஸ்.எல்.ஆர் வந்து சேர்ந்த கதை அங்கேதான் தொடங்கியது. அதில் இருந்தது 6.3 மெகாபிக்ஸல். 2006-ல் வந்த நிகான் டி40-ல் 6.1. அந்த ஆறு மெகாபிக்ஸலில் எடுத்த படங்கள் ஆல்பம் ஆகின, பத்திரிகைகளில் வந்தன, சுவரில் தொங்கின. 2018-ல் வந்த நிகான் டி3500-ல் 24 மெகாபிக்ஸல். அப்படியானால் படம் நான்கு மடங்கு பெரிதா? கிடையாது. ஆறு மெகாபிக்ஸல் என்றால் நீளத்தில் 3000 புள்ளி, அகலத்தில் 2000. இருபத்து நான்கு என்றால் 6000-க்கு 4000. நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு. அவ்வளவுதான். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் முன்னது சுமார் 10 அங்குல நீளப் படம், பின்னது 20 அங்குலம்.

இருபது அங்குலத்தில் அச்சடிக்கிற மாணவன் எத்தனை பேர்? 4கே டிவி முழுத்திரையிலும் படம் பார்க்க எட்டே கால் மெகாபிக்ஸல் போதும். இன்ஸ்டாகிராமில் போடுகிற படத்தின் அகலம் வழக்கமாக 1080 புள்ளிதான். அதுவும் கையகல போனில் கட்டைவிரல் தள்ளிவிடுகிற வேகத்தில் பார்க்கப்படுகிறது. 200 மெகாபிக்ஸல் என்று விளம்பரம் செய்கிற போன்கள்கூட சாதாரணமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்ஸல் படமாகத்தான் கொடுக்கின்றன. போன் கம்பெனிக்கே தெரிந்த விஷயம் கேமரா வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

சரி, ஆடிட்டோரியத்தில் படம் ஏன் சொதப்பியது? காரணம் பாடியில் இல்லை, அதன் மூக்கில் மாட்டியிருந்த கிட் லென்ஸில் இருக்கிறது.

அந்த 18-55 மி.மீ. லென்ஸின் முகப்பில் 3.5-5.6 என்று ஒரு எண் பொறித்திருக்கும். லென்ஸ் எவ்வளவு அகலமாகக் கண் திறக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. எண் சிறிதாக இருந்தால் கண் பெரிதாகத் திறக்கும். மேடையில் இருப்பவரை நெருக்கமாகக் காட்ட 55 வரை ஜூம் செய்தால் இந்த லென்ஸ் 5.6-க்கு மேல் திறக்காது. மொட்டை மாடியில் மதிய வெயிலில் பிரச்சினையே இல்லை. மேடை விளக்கில், கல்யாண மண்டபத்து ட்யூப் லைட்டில், கோயில் பிராகாரத்தில், சாயங்காலத் தெருவில்தான் அது பல்லை இளிக்கும்.

அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் என்ன ஆகும்? 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வருகிற எண்ணை அதனாலேயே பெருக்கினால் ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேலே வரும். அதாவது ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம்! கிட் லென்ஸில் 1/30 வினாடியில் கலங்கிய நடனம், இதில் 1/250 வினாடியில் அப்படியே உறைந்து நிற்கும். வேகத்தைக் கூட்ட வேண்டாம் என்றால் ஐ.எஸ்.ஓ-வை 6400-லிருந்து 640 பக்கம் இறக்கலாம். ரவை போய்விடும். பாடி அதேதான், கை அதேதான். மாறியது ஒரு சின்ன லென்ஸ்.

பாடியை மாற்றி இந்தப் பத்து மடங்கைப் பெற முடியுமா? முடியாது. பத்து வருஷ இடைவெளியில் வந்த இரண்டு ஆரம்பநிலைப் பாடிகளை ஒரே கிட் லென்ஸோடு வைத்துப் பார்த்தாலும் இருட்டில் இத்தனை வித்தியாசம் வராது. ஆனாலும் "எந்த பாடி வாங்கலாம்?" என்று நூறு பேர் கேட்டால், "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று ஒருவர் கேட்பதே அபூர்வம்.

அடுத்து, அந்த மரண அறிவிப்பு. "டி.எஸ்.எல்.ஆர் செத்துப் போச்சு."

உற்பத்தியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மைதான், மறைப்பதற்கில்லை. சோனி தன் ஏ-மவுன்ட் கேமராக்களை 2021-ல் நிறுத்திவிட்டது. 2020-ல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3-தான் தங்கள் கடைசி உச்சநிலை டி.எஸ்.எல்.ஆர் என்று கேனன் தலைமையே 2021 டிசம்பரில் சொல்லிவிட்டது. நிகானின் டி3500-ம் டி5600-ம் 2022 தொடக்கத்தில் ஜப்பானில் பழைய தயாரிப்புகள் பட்டியலுக்குப் போயின. பெரிய கம்பெனிகளின் கவனம் முழுக்க இப்போது மிரர்லெஸ் பக்கம்தான்.

மிரர்லெஸ் மட்டம் என்று சொல்வதும் பொய். கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்வது, படம் எப்படி வரப்போகிறது என்பதை எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் காட்டுவது, வீடியோவில் நழுவாத ஃபோகஸ் எல்லாம் நிஜமான முன்னேற்றங்கள். குறும்படம்தான் லட்சியம் என்று இருப்பவருக்கு அந்தப் பாதைதான் சரி.

ஆனால் புகைப்படம் கற்றுக்கொள்ள வருகிற மாணவனுக்கு "செத்துப் போச்சு" என்பது கெட்ட செய்தியா? யோசித்துப் பாருங்கள். கம்பெனி தயாரிப்பதை நிறுத்தினால் வீட்டில் இருக்கிற கேமரா படம் எடுப்பதை நிறுத்திவிடுமா? நேற்றுவரை வேலை செய்த சென்சாருக்கு இன்று காலை வாதம் வந்துவிட்டதா? நடப்பது ஒன்றே ஒன்றுதான். வசதி உள்ளவர்கள் எல்லாம் மிரர்லெஸுக்கு மாறுகிறார்கள், பழைய பாடிகளையும் நல்ல லென்ஸ்களையும் விற்கிறார்கள், விலை இறங்குகிறது. பணக்காரன் கழற்றிப் போடுகிற நேரம்தான் ஏழை மாணவன் வாங்க வேண்டிய நேரம். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பழைய பொருள் வேறு யாரோ விற்பது, அவருக்கு அதில் காசு இல்லை.

"மிரர்லெஸ்" என்ற பெயருக்காகவே விழுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் வந்த கேனன் ஆர்100 மிரர்லெஸ்தான். ஆனால் அதன் திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. 2019-ல் வந்த கேனன் 200டி மார்க் 2 கண்ணாடி வைத்த 'செத்த' டி.எஸ்.எல்.ஆர். அதன் திரை எல்லாப் பக்கமும் திரும்பும், தொட்டால் ஃபோகஸ் செய்யும். நிகான் டி3500-ஐ ஒரு முறை சார்ஜ் செய்தால் 1550 படம் வரை எடுக்கலாம் என்று கணக்கு. ஆரம்பநிலை மிரர்லெஸ்கள் சில நூறு படங்களிலேயே மூச்சு வாங்கும். புதியது என்பதால் எல்லாம் உயர்ந்ததல்ல, பழையது என்பதால் எல்லாம் தாழ்ந்ததுமல்ல.

"நாளைக்கு மிரர்லெஸுக்கு மாறினால் இன்று வாங்கிய லென்ஸ் வீணாகிவிடாதா?" என்ற கேள்வி நியாயமானது. கேனனின் ஈ.எஃப் மவுன்ட் 1987-ல் வந்தது. 2017-க்குள் கேனன் 13 கோடி லென்ஸ்களைத் தயாரித்திருந்தது. அவை அவ்வளவும் காற்றில் கரைந்துவிடவில்லை. ஓர் அடாப்டர் போட்டால் கேனனின் ஆர் வரிசை மிரர்லெஸில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். பாடி போகும், லென்ஸ் கூடவே வரும். அப்படியானால் காசை எதில் போடுவது புத்திசாலித்தனம்?

இதோடு சேர்ந்து ஒழிய வேண்டியது நிகானா கேனனா என்கிற ரஜினி-கமல் சண்டை. ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணி வரை நடக்கும். "நிகான்ல கலர் அருமை", "கேனன்ல ஸ்கின் டோன் அருமை" என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். ரா ஃபைலில் எடுத்துக் கம்ப்யூட்டரில் சரிசெய்தால் எது எந்தக் கேமரா என்று சண்டை போட்டவர்களாலேயே சொல்ல முடியாது. ஆனால் மாணவன் பர்ஸைத் தொடுகிற ஒரு நிஜ வித்தியாசம் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை.

2006-ல் வந்த டி40-யில் தொடங்கி, நிகான் தன் ஆரம்பநிலைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டாரை எடுத்துவிட்டது. டி3000, டி5000 வரிசைகள் எல்லாம் இப்படித்தான். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஏ.எஃப்-எஸ் என்றோ ஏ.எஃப்-பி என்றோ எழுதிய லென்ஸ்களில் அது இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. 1.8 டி லென்ஸை வாங்கி டி3500-ல் மாட்டினால், மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். டி7000 வரிசையில் அந்தச் சிக்கல் இல்லை. கேனனின் ஈ.எஃப் லென்ஸ்களில் மோட்டார் எப்போதுமே லென்ஸுக்குள்தான். பழைய லென்ஸானாலும் மலிவான பாடியில் தானே ஃபோகஸ் ஆகும். பழைய லென்ஸ் தேடப் போகிறவருக்கு இந்த ஒரு தகவல், ஹாஸ்டல் விவாதம் மொத்தத்தையும்விடப் பெரிது.

கேனன் பக்கம் எல்லாம் பாலும் தேனும் என்றும் அர்த்தமில்லை. 2018-ல் வந்த 3000டி-யின் லென்ஸ் மவுன்டே பிளாஸ்டிக். திரை 2.7 அங்குலம், பார்த்தால் பத்து வருஷம் பின்னால் போன மாதிரி இருக்கும். லென்ஸைக் கழற்றி மாட்டிப் பழகத்தான் டி.எஸ்.எல்.ஆர். மாட்டுகிற வாயையே பிளாஸ்டிக்கில் செய்வது மாணவனைக் கிண்டல் செய்வது. அதே சமயத்தில் வந்த 1500டி-யில் உலோக மவுன்ட். கொஞ்சம் பழைய 700டி, 750டி கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம்.

எனவே அந்த ஐம்பதாயிரத்தைப் பங்கு போடுகிற முறை மாற வேண்டும். பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது. பழைய பாடி, கிட் லென்ஸோடு. கிட் லென்ஸ் பகலுக்கு, ஊர் சுற்றுவதற்கு, குரூப் போட்டோவுக்கு. அடுத்து 1.8 லென்ஸ் ஒன்று. ஆரம்பநிலைப் பாடிகளின் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ், கேனனில் 80 போலவும் நிகானில் 75 போலவும் நடந்துகொள்ளும். முகங்களுக்கும் மேடைக்கும் பிரமாதம். பத்துக்குப் பத்து அறைக்குள் மட்டும் முதுகு சுவரில் இடிக்கும். வீட்டுக்குள்ளும் தெருவிலும் எடுக்கப் போகிறவர் நிகானில் 35 மி.மீ. 1.8, கேனனில் 24 மி.மீ. 2.8 என்று யோசிக்கலாம். மிச்சத்தில் ஒரு ட்ரைபாட். அதிலும் மிஞ்சினால், ரயில் டிக்கெட். விளையாட்டில்லை, நிஜமாகத்தான். ராமேஸ்வரத்துக்கோ தரங்கம்பாடிக்கோ போய்வந்த ஒரு நாள், கூடுதலான பத்து மெகாபிக்ஸலைவிட அதிகம் கற்றுத்தரும்.

பழைய பொருள் என்றாலே "ஏமாத்திடுவாங்கப்பா" என்று வீட்டில் பயப்படுவார்கள். பயம் நியாயம், ஆனால் பார்க்கத் தெரிந்தால் போதும். நிகானில் எடுத்த படத்தின் ஃபைலுக்குள்ளேயே ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற எண் இருக்கும். டி3500-ன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. இருபதாயிரம் ஓடியிருந்தால் அது இன்னும் வாலிபன்தான். எஃப் 16-ல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சார் தூசி தெரிந்துவிடும். லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா என்று தெரியும். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். பில் கேட்க வேண்டும். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் பாடியில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பில்லே இல்லை என்பவரிடம் வாங்கினால் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

வாங்கிய பிறகு? சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் லென்ஸுக்கு முதல் எதிரி கீழே விழுவதல்ல, ஈரம். தோல் பைக்குள் வைத்து பீரோவில் பூட்டினால் மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சை குடியேறிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், இவ்வளவுதான் வைத்தியம். டப்பா விலை சில நூறு ரூபாய். இதைவிட நல்ல வைத்தியம், கேமராவை அடிக்கடி வெளியே எடுப்பது.

எதிர்வாதம் இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று, "மொபைலே போதுமே, கேமரா எதற்கு?" ஞாபகத்துக்கு எடுப்பவருக்கு மொபைல் போதும், சந்தேகமே இல்லை. ஆனால் மொபைல், படத்தைப் பற்றிய முடிவுகளைத் தானே எடுத்துவிடுகிறது. பின்னணியை எவ்வளவு மங்கலாக்குவது, அசைவை உறைய வைப்பதா ஓட விடுவதா, நிழலைக் கறுப்பாக விடுவதா என்று மாணவன் கற்க வேண்டியதெல்லாம் இந்த முடிவுகளைத்தான். பழைய டி.எஸ்.எல்.ஆரின் மேனுவல் டயல் அவனை யோசிக்க வைக்கும், தப்புச் செய்ய வைக்கும், தப்பை உடனே காட்டவும் செய்யும்.

இன்னொன்று, "கல்யாணம் எடுத்து சம்பாதிக்கலாம், அதுக்காவது புதுசு வேணுமே?" கல்யாண வேலைக்கு இரண்டு மெமரி கார்டு போடும் வசதி வேண்டும். ஒரு கார்டு மண்டையைப் போட்டால் தாலி கட்டுகிற காட்சியைத் திரும்ப எடுக்க முடியாதே! ஆரம்பநிலைப் பாடிகளில் அந்த வசதி கிடையாது, புதியதிலும் கிடையாது. சம்பாதிக்கப் போகிறவர் முதலில் கற்றுக்கொண்டு, பிறகு சம்பாதித்த காசில் பெரிய பாடி வாங்குவதுதான் முறை. கடன் வாங்கிப் பாடி வாங்கி, கடனை அடைக்கக் கல்யாணம் தேடுவது முறையல்ல.

பாடியால்தான் எல்லாம் என்று இன்னமும் நம்புகிறவர்களுக்கு ஒரு படம். 2012-ல் வந்த 'வழக்கு எண் 18/9'. இயக்கம் பாலாஜி சக்திவேல், ஒளிப்பதிவு விஜய் மில்டன். அது கேனன் 7டி-யில் எடுக்கப்பட்டது. 7டி 2009-ல் வந்த பாடி. அதில் 18 மெகாபிக்ஸல், அதே சிறிய வகை சென்சார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. தியேட்டரில் உட்கார்ந்து அழுதவர் யாரும் "என்ன பாடி?" என்று கேட்கவில்லை.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பாடி விற்பது அவர் பிழைப்பு. திட்ட வேண்டியது, அவர் சொன்னதையே ஜூனியரிடம் திரும்பச் சொல்கிற சீனியர்களை. "மச்சி, இன்னும் பத்தாயிரம் போட்டா அடுத்த மாடல் வந்துரும்டா" என்று ஈஸியாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பத்தாயிரத்துக்கு ஒருத்தன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பந்தியில் சாம்பார் வாளி தூக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அடுத்த மாடலுக்கு அடுத்த மாடலும் வரும். அதற்கு முடிவே கிடையாது.

அடுத்த முறை ஒரு ஜூனியர் வந்து "அண்ணா, எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டால், மாடல் நம்பர் சொல்வதற்கு முன் அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எதைடா எடுக்கப் போற?" அதற்கு அவனிடம் பதில் இருந்தால் லென்ஸ் தானாக முடிவாகும். லென்ஸ் முடிவானால் பாடி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பதில் இல்லையென்றால் அந்த ஐம்பதாயிரம் இன்னும் கொஞ்ச நாள் அம்மாவிடமே இருக்கட்டும்.